கோவில் மேடைக்கும் வீட்டு ஸ்டுடியோவுக்கும் கீபோர்ட் வாங்குவது எப்படி: தோட்டப்புற இசைக்குழுக்களுக்கான முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊரில் கீபோர்ட் வாசிப்பவருக்கு ஒரே மாதத்தில் பல விதமான வேலை வரும். தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவில் பக்திப் பாடல் கச்சேரி, பொது மண்டபத்தில் கல்யாண விருந்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழு, நடுவில் வீட்டு அறையில் யாருடைய பாட்டுக்காவது இசைப்பதிவு. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ குளிர்சாதனக் கடையில் ஹெட்போனில் கேட்டு மயங்கி வாங்கிய கருவி, இந்த வேலைகளில் ஒன்றுக்குக்கூடப் பொருந்தாமல் போவதுண்டு. பாடகர் கட்டையை, அதாவது பாடும் சுருதியை, மாற்றச் சொன்னதும் திரையில் மூன்று பக்கம் தாண்டித் தேட வேண்டியிருக்கும். ஜெனரேட்டர் ஒரு நொடி தடுமாறினால் கருவி மறுபடி உயிர்பெற நிமிடங்கள் ஆகும். இரண்டு பேர் இல்லாமல் வேனில் ஏற்ற முடியாது.

ஆகவே இங்கே ஒலியின் தரத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. நடுத்தர விலைக்கு மேல் யமஹா, ரோலண்ட், கோர்க் மூன்றிலுமே பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் மேடைக்குப் போதுமான அளவு நன்றாக இருக்கின்றன. கை, சுருதி, மின்சாரம், வயர் ஆகிய நான்கில்தான் கருவிக்குக் கருவி வித்தியாசம் தெரியும்.

படி 1: வேலைக்கு ஏற்ற வகை

தனி ஆளாகவோ ஒரு பாடகரோடு மட்டுமோ விருந்துகளுக்குப் போகிறவருக்கு அரேஞ்சர் வேண்டும். இடது கையில் கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடித்தால் தாளம், பேஸ், கிட்டார் எல்லாம் கூட வரும். யமஹா பி.எஸ்.ஆர்-எஸ்.எக்ஸ் வரிசை, கோர்க் பி.ஏ. வரிசை இரண்டும் இந்த வகை. தபலா, டோலக் தாளங்கள் உள்ளே எவ்வளவு இருக்கின்றன, வெளியிலிருந்து எவ்வளவு ஏற்றலாம் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். யமஹாவில் எக்ஸ்பான்ஷன் மேனேஜர் என்ற இலவச மென்பொருள் வழியாக இந்திய ஒலித் தொகுப்புகளை ஏற்றலாம். எஸ்.எக்ஸ்900இல் அதற்கு ஏறக்குறைய 1 ஜி.பி. இடம் உண்டு, எஸ்.எக்ஸ்700இல் 400 எம்.பி. மட்டுமே.

டிரம்ஸ், ஆக்டபேட் (குச்சியால் அடிக்கும் மின்னணுத் தாளக் கருவி), பேஸ் கிட்டார் எல்லாம் உள்ள முழு இசைக்குழுவில் அரேஞ்சரின் தாளப் பெட்டி சும்மா கிடக்கும். அங்கே தேவை சிந்தசைசர் அல்லது வொர்க்ஸ்டேஷன்: யமஹா மோட்எக்ஸ், ரோலண்ட் ஜூனோ-டிஎஸ் அல்லது ஃபேன்டம்-0, கோர்க் நாட்டிலஸ் போன்றவை. ஒரே நேரத்தில் பல ஒலிகளை அடுக்கவும், விசைப்பலகையைப் பிரித்து இடது பக்கம் ஸ்ட்ரிங்ஸ், வலது பக்கம் புல்லாங்குழல் என்று வைக்கவும் இவை வசதி.

பியானோ ஒலிக்கும் பியானோ போன்ற விசைக்கும் முதலிடம் தரும் ஸ்டேஜ் பியானோ, தேவாலயத்துக்கும் பியானோ முறையாகக் கற்றவருக்கும் அருமையான கருவி. திருவிழா மேடைக்கு அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். மிடி என்பது ஒலியை அல்ல, எந்த விசையை எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்ற கட்டளையை மட்டும் அனுப்பும் முறை. மிடி கன்ட்ரோலரில் பெரும்பாலும் சொந்த ஒலியே கிடையாது. கணினியில் உள்ள ஒலிகளை இயக்கும் விசைப்பலகை அது. வீட்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்த செலவில் நிறைவான வழி. வெயிலும் தூசியும் சாம்பிராணிப் புகையும் உள்ள மேடையில் ஒரு மடிக்கணினியை மட்டும் நம்பி உட்காருவதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மேடை, ஸ்டுடியோ இரண்டுக்கும் ஒரே கருவிதான் வாங்க முடியும் என்றால் 61 விசை சிந்தசைசரை வாங்குங்கள். பதிவின்போது அதுவே கன்ட்ரோலராகவும் வேலை செய்யும்.

படி 2: விசையும் எடையும்

61 விசை என்றால் ஐந்து ஸ்தாயி. மெல்லிசைக் கச்சேரிக்கு அது போதும். 73, 76 விசைகள் இருந்தால் பிரித்து வாசிக்கும்போது இரண்டு கைக்கும் இடம் தாராளமாக இருக்கும். 88 விசை பெரும்பாலும் சுத்தியல் அமைப்போடு, எடை கொடுத்த விசைகளாக வரும். பியானோ உணர்வு கிடைக்கும். ஆனால் வேகமான ஸ்வர வரிசைகளும் ஆர்கன் வாசிப்பும் இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் மணிக்கட்டு வலிக்கும். வீணை, நாதஸ்வரம், குழல் ஒலிகளை அதிகம் வாசிப்பவருக்கு எடையில்லாத விசையே நல்லது.

மோட்எக்ஸ்6 எடை 6.6 கிலோ, ஜூனோ-டிஎஸ்61 5.3 கிலோ. இவற்றை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மேடைப் படி ஏறலாம். 88 விசையுள்ள ரோலண்ட் ஆர்டி-88 13.5 கிலோ, யமஹா சிபி88 18.6 கிலோ. பெட்டியின் எடையை இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும் முன் உங்கள் காரின் பின்சீட்டை மடித்து, நீளத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போவது நல்லது.

விசையை அழுத்திய பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒலி மாறுவதை ஆஃப்டர்டச் என்பார்கள். முதல் மோட்எக்ஸ், ஃபேன்டம்-0, ஜூனோ-டிஎஸ் எதிலும் இது இல்லை. கோர்க் பி.ஏ.1000இல் உண்டு. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒலியில் அசைவு சேர்க்கும் மாடுலேஷன் சக்கரத்தை வைத்துச் சமாளிக்கலாம்.

ஒரே நேரத்தில் எத்தனை ஒலிக்கூறுகள் ஒலிக்க முடியும் என்பது பாலிஃபோனி. ஸ்டீரியோ பியானோவில் ஒரு விசைக்கே இரண்டு போய்விடும். அதன் மேல் நான்கு அடுக்கு ஸ்ட்ரிங்ஸ் வைத்துப் பெடலை மிதித்து எட்டு ஸ்வரங்கள் வாசித்தால் 48 ஆகிவிடும். பெடலை விடாமல் அடுத்த கார்டுக்குப் போனால் 96. பழைய 64 பாலிஃபோனிக் கருவிகளில் முதலில் வாசித்த ஸ்வரங்கள் நடுவில் திடீரென வெட்டுப்படுவதற்கு இதுதான் காரணம். 128க்குக் குறைவாக வாங்காதீர்கள்.

படி 3: கட்டையும் கமகமும்

நம் மேடைக்கு இதுதான் மிக முக்கியமான படி. ஆங்கில விமர்சன வீடியோக்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடைக்காது.

சி ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. கறுப்பு விசைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரையும் ஏழரையும் இல்லை, ஏனென்றால் அங்கே கறுப்பு விசை இல்லை. எல்லாவற்றையும் சியில் பழகியவர் இரண்டரைக் கட்டைப் பாடகருக்கு, எல்லா விசைகளின் சுருதியையும் ஒன்றாக நகர்த்தும் டிரான்ஸ்போஸை +3 (மூன்று அரைஸ்வரம் மேலே) வைக்க வேண்டும். ஐந்தரையில் பாடும் பெண் குரலுக்கு −4 வையுங்கள். +8 வைத்தாலும் அதே சுருதிதான், ஆனால் எல்லாம் உச்ச ஸ்தாயிக்கு ஏறிக் கீச்சிடும். −4 வைத்துவிட்டு, லீட் ஒலியை மட்டும் ஒரு ஸ்தாயி உயர்த்திக்கொள்வதே சரி.

டிரான்ஸ்போஸுக்குத் தனிப் பொத்தான் கருவியின் முகப்பிலேயே இருக்கிறதா, எண் திரையில் எப்போதும் தெரிகிறதா என்று கடையில் பாருங்கள். முந்தைய பாட்டின் +3 மாறாமல் கிடந்து, அடுத்த பாட்டு தப்பான சுருதியில் தொடங்குவது மேடையில் அடிக்கடி நடக்கும் கோளாறு. இரண்டு கீபோர்டை மிடி வயரால் இணைத்து வாசித்தால் டிரான்ஸ்போஸை ஒன்றில் மட்டும் வையுங்கள். இரண்டிலும் வைத்தால் இரண்டாவது கருவியில் இருமடங்காகிவிடும்.

நாதஸ்வரம், பழைய ஹார்மோனியம் போன்றவை கீபோர்டின் சுருதிக்கு மயிரிழை மேலேயோ கீழேயோ இருக்கும். அவற்றால் நமக்காக இறங்கி வர முடியாது, நாம்தான் போக வேண்டும். மாஸ்டர் டியூன் என்ற அமைப்பு அதற்குத்தான். தொழிற்சாலை அமைப்பு ஏ=440 ஹெர்ட்ஸ். காற்றுக் கருவிகள் ஊத ஊதச் சூடாகிச் சுருதி ஏறும். ஆகவே நாதஸ்வரக்காரர் பத்து நிமிடம் வாசித்து முடித்த பிறகு அவரை ஷட்ஜத்தைப் பிடிக்கச் சொல்லி, ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் அதே ஸ்வரத்தை அழுத்தி, இரண்டுக்கும் இடையில் வரும் அலைவு அடங்கும் வரை மாஸ்டர் டியூனை நகர்த்துங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் 440க்குத் திருப்பிவிடுங்கள்.

கமகத்துக்குப் பிட்ச் பெண்ட். ரோலண்டில் பெண்டரை இடவலமாகத் தள்ளினால் சுருதி வளையும், முன்னால் தள்ளினால் மாடுலேஷன். யமஹா சிந்தசைசர்களில் தனித்தனிச் சக்கரங்கள். எஸ்.எக்ஸ்900இலும் கோர்க் பி.ஏ. வரிசையிலும் ஜாய்ஸ்டிக். எது சிறந்தது என்பதை உங்கள் இடது கைதான் சொல்ல வேண்டும். கடையில் இப்படிச் சோதியுங்கள்:

குழல் அல்லது வீணை ஒலியை எடுத்து மோனோவாக, அதாவது ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் ஒலிக்குமாறு, மாற்றுங்கள். பெண்ட் அளவு வழக்கமாக 2 அரைஸ்வரமாக இருக்கும். அதை 1 ஆக்குங்கள். இப்போது ஷட்ஜத்தை அழுத்திப் பெண்டரை முழுதாகத் தள்ளினால் சுத்த ரிஷபத்தில் சரியாகப் போய் நிற்கும். மாயாமாளவகௌளையில் ஒரு பிடியை வாசித்துப் பாருங்கள். பிறகு அளவை 2 ஆக்கி, கல்யாணியில் காந்தாரத்தை அசைத்துப் பாருங்கள். கையை எடுத்ததும் பெண்டர் சத்தமில்லாமல் நடுவுக்குத் திரும்ப வேண்டும். நடுவுக்கு வராமல் அரைகுறையாக நின்றால், வாசிக்கும் எல்லாமே இனம்புரியாமல் அபஸ்வரமாகக் கேட்கும்.

படி 4: ஒலி மாறும்போது

ஸ்ட்ரிங்ஸ் கார்ட் ஒன்றைப் பிடித்தபடியே அடுத்த ஒலிக்கான பொத்தானை அழுத்துங்கள். பிடித்திருந்த ஒலி வெட்டுப்படாமல் இயல்பாக அடங்குகிறதா? மோட்எக்ஸில் நான்கு பகுதிகள் வரை இது தடையின்றி நடக்கும், நாட்டிலஸிலும் அதற்கான ஏற்பாடு உண்டு. பல்லவியிலிருந்து இடையிசைக்குப் போகும் இடத்தில் அரை நொடி வெற்றிடம் விழுந்தால் கூட்டமே கவனிக்கும்.

அடுத்து, ஒரு கச்சேரிக்கு வேண்டிய முப்பது நாற்பது ஒலிகளைப் பாடல் வரிசைப்படி அடுக்கி, ஒரே பொத்தானிலோ காலால் மிதிக்கும் சுவிட்சிலோ முன்னேற முடிகிறதா என்று பாருங்கள். மேடை விளக்கு கண்ணில் அடிக்கும்போது திரையின் எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். திருவிழா பெரும்பாலும் திறந்தவெளி என்பதால், பகல் வெளிச்சத்தில் தொடுதிரை வெளிறிப் போகும். கையால் தடவியே கண்டுபிடிக்கக்கூடிய பொத்தான்கள் நிறைய உள்ள கருவிக்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் கொடுப்போம்.

படி 5: மைக் செட்டோடு இணைத்தல்

கோவில், மண்டப மைக் செட்டுகளில் பெரும்பாலானவை மோனோ, அதாவது இடம் வலம் பிரியாமல் ஒரே தடமாக ஒலிப்பவை. ஸ்டீரியோ பியானோவின் இரண்டு பக்கங்களும் மிக்ஸரில் ஒன்றாகக் கலக்கும்போது ஒன்றை ஒன்று சில இடங்களில் அழித்துவிடும். வீட்டில் செழிப்பாகக் கேட்ட பியானோ அங்கே தகரம்போல் கேட்பது இதனால்தான். கருவியின் பின்னால் எல்/மோனோ என்று குறித்த துளையில் மட்டும் வயரைச் செருகுங்கள், வலது துளை காலியாக இருக்கட்டும். ஒலிப் பட்டியலில் மோனோ பியானோ தனியாக இருந்தால் அதையே எடுங்கள். கடையிலும் ஒரு தடவை மோனோவில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கீபோர்டிலிருந்து வரும் சாதாரணக் கால் அங்குல வயர் 5, 6 மீட்டருக்கு மேல் போனால் இரைச்சலை இழுத்துக்கொண்டு வரும். கீபோர்டின் ஒலியை நீண்ட வயருக்கு ஏற்றதாக மாற்றும் டி.ஐ. பெட்டி ஒன்றை மேடையிலேயே வைத்து, அங்கிருந்து எக்ஸ்.எல்.ஆர். (மைக்குக்குப் போடும் மூன்று முனை) வயரில் மிக்ஸருக்கு அனுப்புங்கள். கீபோர்டின் வெளியீடு வலுவானது என்பதால் பேட்டரி வேண்டாத பாஸிவ் டி.ஐ. போதும், உள்ளே நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘உம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் காரணம் பெரும்பாலும் கிரவுண்ட் லூப். கீபோர்ட் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறு மூலையில் இன்னொரு பிளக்கிலும் இருக்கும்போது, எர்த் இணைப்பும் ஆடியோ வயரும் சேர்ந்து ஒரு வளையமாகி 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கொண்டுவரும். முதலில் இரண்டுக்கும் ஒரே பிளக்கிலிருந்து மின்சாரம் எடுங்கள். அதிலும் போகாவிட்டால் டி.ஐ. பெட்டியில், ஆடியோ வயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒருபோதும் கழற்றவோ ஒடிக்கவோ கூடாது. இரைச்சல் நிற்கலாம், ஆனால் மழையில் நனைந்த மேடையில் மைக்கைத் தொடும் பாடகரின் உயிர் அந்தப் பின்னை நம்பித்தான் இருக்கிறது.

சத்தத்தைக் கீபோர்டில் முக்கால் பங்குக்கு வைத்துக்கொண்டு மீதியை மிக்ஸரில் சரிசெய்யுங்கள். கீபோர்டில் குறைத்து மிக்ஸரில் ஏற்றினால் ‘உஸ்’ என்ற சத்தமும் கூடவே ஏறும். போடும்போது கீபோர்ட், மிக்ஸர், கடைசியில் ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர்தான் முதலில்.

படி 6: மின்சாரம்

தோட்டத்துக் கோவிலில் பாதி நாள் ஜெனரேட்டர்தான். அலங்கார விளக்குகள் ஒன்றாக எரியும்போது மின்னழுத்தம் சரிந்து, அணையும்போது எகிறும். கீபோர்ட் இழுப்பது சில பத்து வாட் மட்டுமே. சுமார் 650 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றே அதற்குத் தாராளம். மின்னழுத்தத்தைச் சீராக்கும் லைன்-இன்டராக்டிவ் வகையைக் கேட்டு வாங்குங்கள். கருவி அணைந்து மறுபடி எழ எத்தனை நொடி ஆகிறது என்று கடையில் கைத்தொலைபேசியில் நேரம் பாருங்கள். பெரிய ஒலிக் கோப்புகளை ஏற்றும் வொர்க்ஸ்டேஷன்கள் நிமிடக் கணக்கில் எடுக்கும்.

அடாப்டரை மாற்றிச் செருகுவது கீபோர்டைக் கொல்லும். ரோலண்டின் பி.எஸ்.பி-1யு 9 வோல்ட், நடுப்பகுதி நெகட்டிவ். யமஹாவின் பி.ஏ-300சி 16 வோல்ட், நடுப்பகுதி பாசிட்டிவ். முனை பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே நேரெதிர். ஒவ்வொரு அடாப்டரிலும் கருவியின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவிகள் மலிவாகக் கிடைக்கும். உள்ளேயே மின்பகுதி உள்ளவற்றில் பின்பலகையில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது. இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், அதன் எடையையும் தூக்க வேண்டும். ‘100–240’ என்று இருந்தால் கவலையில்லை.

மாலையில் இடி தொடங்கிவிட்டால் பிளக்கை மட்டும் அல்ல, ஆடியோ வயர், யு.எஸ்.பி. வயர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

படி 7: வீட்டு ஸ்டுடியோ

தகரக் கூரையில் மழை விழும்போது மைக்கில் குரல் பதிய முடியாது, கீபோர்ட் பதிவு தடையின்றி நடக்கும். மழைக்காலத்தில் இசைப் பகுதியை முடித்து வைத்துவிட்டு, குரலை வேறு நாளுக்குத் தள்ளலாம்.

கணினியில் உள்ள ஒலியைக் கன்ட்ரோலரால் வாசிக்கும்போது தாமதம் வரும். கணக்கு எளிது: பஃபர் அளவை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) மாதிரி வேகத்தால் (நொடிக்கு எத்தனை மாதிரிகள்) வகுத்தால் போதும். 48,000இல் 128 வைத்தால் ஏறக்குறைய 2.7 மில்லிநொடி, 512 வைத்தால் 10.7. அதன்மேல் கருவிகளின் சொந்தத் தாமதமும் சேரும். பத்தைத் தாண்டினால் கை தாளத்துக்குப் பின்னால் இழுபடும். வாசிக்கும்போது 128, கலவை செய்யும்போது 512 என்று மாற்றிக்கொள்ளுங்கள். பஃபரைக் குறைத்ததும் சொடுக்குச் சத்தம் வந்தால் கணினிக்கு அது தாங்கவில்லை என்று பொருள்.

கீபோர்டின் சொந்த ஒலியை மிடியோடு சேர்த்துப் பதியும்போது ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாகக் கேட்கும். விசையிலிருந்து ஒரு முறையும், கணினி போய்த் திரும்பி இன்னொரு முறையும் கட்டளை வருவதே காரணம். விசைப்பலகையையும் கருவியின் சொந்த ஒலியையும் நேராக இணைக்கும் லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்யுங்கள். மேடைக்குக் கிளம்பும் முன் மறக்காமல் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் விளக்கெல்லாம் எரியும், சத்தம் வராது.

யு.எஸ்.பி. வழியாக ஒலியும் போகுமா, மிடி மட்டுமா என்று வாங்கும் முன் கேளுங்கள். மோட்எக்ஸ் 44.1 கிலோஹெர்ட்ஸில் பத்துத் தடங்களைக் கணினிக்கு அனுப்பும், தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாமலே பதிவைத் தொடங்கலாம். பதியும் அளவு உச்சத்தில் −6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மிடியையும் ஒலியையும் இரண்டு தடங்களில் வைத்துக்கொண்டால், பாடகர் பிறகு அரைக்கட்டை இறக்கச் சொன்னாலும் மறுபடி வாசிக்க வேண்டியதில்லை.

பழைய கருவி வாங்கும்போது

விற்பவர் வீட்டில் அரை மணி நேரமாவது உட்காருங்கள். ஒவ்வொரு விசையையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக வாசியுங்கள். விசைக்கு அடியில் கார்பன் பூசிய ரப்பர்த் தொடுமுனை இரண்டு உண்டு. முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துத்தான் கருவி பலத்தைக் கணிக்கிறது. தூசியோ ஈரமோ ஒன்றில் ஏறினால் மெதுவாகத் தொட்டாலும் முழுச் சத்தம் வரும், அல்லது சத்தமே வராது. ஒன்றிரண்டு விசை என்றால் பிரித்து 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் வைத்துத் துடைத்தால் சரியாகும். துருநீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே அடித்த கருவியை வாங்காதீர்கள், அது ரப்பரை ஊற வைத்துவிடும்.

ஒவ்வொரு குமிழையும் திருகித் திரையில் எண் சீராக ஏறுகிறதா, தாவுகிறதா என்று பாருங்கள். செருகிய ஜாக்கை லேசாக அசைத்தால் கரகரப்பு வரக் கூடாது. ஒரு ஒலியை மாற்றிச் சேமித்து, அணைத்துப் போட்டு, அது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கோர்க் டிரைட்டன் போன்றவற்றில் நினைவகத்தைக் காப்பது ஒரு சிஆர்2032 பேட்டரி. அது மலிவுதான், ஆனால் தீர்ந்திருந்தால் விற்பவர் காட்டும் அருமையான ஒலிகள் எல்லாம் வீட்டுக்கு வந்ததும் போய்விடும். அடிப்பலகைத் திறப்புகளில் பல்லி எச்சமும் எறும்பு மண்ணும் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.

புதிது என்றால் உத்தரவாத அட்டை மலேசிய விநியோகஸ்தருடையதா என்று பாருங்கள். கடைக்காரர் தானே தரும் உத்தரவாதத்தில் உதிரி பாகம் வரும் என்று நம்ப முடியாது.

கூடவே வாங்க வேண்டியவை

மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். 61 விசைக்கு இரட்டைக் கம்பி எக்ஸ் ஸ்டாண்ட் போதும், 88க்கு இஸட் வடிவ ஸ்டாண்ட் வேண்டும், இல்லாவிட்டால் பலமாக வாசிக்கும்போது ஆடும். ஒலியை நீட்டிக்கும் சஸ்டெய்ன் பெடல் நிறுவனத்துக்கு நிறுவனம் நேர், எதிர் என்று மாறும். மிதிக்காதபோது ஒலி நீண்டு, மிதித்தால் நின்றால் இதுதான் கோளாறு. காலை எடுத்துவிட்டுக் கருவியை மறுபடி போட்டால் பலவற்றில் சரியாகும், அல்லது அமைப்பில் பொலாரிட்டியை மாற்றலாம். காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடலில் யமஹா, ரோலண்ட் வயரிங் வேறு வேறு என்பதால், கருவியின் நிறுவனத்துடையதையே வாங்குங்கள்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை இரண்டு வையுங்கள். நிறம் மாறியதும் புதிது போடுங்கள். குளிர்சாதனக் காரிலிருந்து இறக்கியதும் உடனே போடாதீர்கள். வெளியிலுள்ள ஈரக் காற்று குளிர்ந்த சர்க்யூட்டில் நீராகப் படியும், பெட்டியைத் திறக்காமல், கருவி வெளிச் சூட்டுக்கு வரும் வரை விடுங்கள்.

கடைசி வேலை பேக்கப். கருவியின் எல்லா ஒலிகளையும் பாடல் வரிசையையும் கருவியிலேயே ஃபார்மேட் செய்த யு.எஸ்.பி. டிரைவில் சேமித்து, இன்னொரு டிரைவிலும் படியெடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று பெட்டியின் பக்கப் பையில். வாங்கிய வாரமே ஒரு முறை தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிட்டு, அந்த டிரைவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிப் பாருங்கள்.